நாலு விரல் இடைவெளி

கதவு சுலோச்சனாவை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டது. தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடிவந்த அவிநாசியப்பனின் கை, கண்ணாடி சாத்திக்கொண்ட வேகத்தில் தானாக விடுபட்டது.

"நோயாளிக்கு என்ன உறவு?" கதவின் மேலிருந்து குரல் கேட்டது.

"வீட்டுக்காரன்."

"பெயர்?"

"அவிநாசியப்பன்."

"இயல்பாக நில்லுங்கள். பத்து மூச்சு விடுங்கள்."

நின்றார். அறுபத்தாறு வயதில் அந்த வாசலில் அவ்வளவு நேராக நின்ற மனிதர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. காதும் தோளும் ஒரே கோட்டில். தாடை உள்வாங்கி, பிடரி நிமிர்ந்து, தூக்குக்குண்டு விட்டுக் கட்டிய சுவர் போல நின்றார்.

"பொருந்தவில்லை. நீங்கள் அவிநாசியப்பன் அல்ல. சான்று நிலையத்தை அணுகுங்கள்."

எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள் அவரை. நீ நீயே இல்லை என்று மட்டும் எவரும் சொன்னதில்லை. ஓங்கிக் கதவில் அறைந்தார். காவலுக்கு நின்ற பெண் அருகே வந்தாள்.

"பெரியவரே, கண்ணாடிய அடிச்சு என்னுங்க ஆகப்போகுது? அதுக்குக் காது மட்டுந்தான் இருக்குது, கருணை கிடையாது. நிலையத்துக்குப் போயிச் சரிபண்ணீட்டு வாங்க. அம்மாள நாங்க பார்த்துக்கறோம்."

அரை மணி நேரத்துக்கு முன்புவரை சுலோச்சனா அவருக்குப் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் சுவரில் முதுகைச் சாய்த்து, தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்து, கழுத்தின் பின்பக்கம் நீளும்படி நிற்பார். அவள் எண்ணுவாள். பத்து வந்ததும் தளர்த்துவார். அன்று திங்கட்கிழமை காலை, ஏழு வரை எண்ணினாள். எட்டு வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது தரையில் கிடந்தாள்.

இந்த எண்ணிக்கை தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. காங்கேயத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்து நின்ற இடத்தில் எவனோ ஒரு பங்காளி, "அவிநாசியப்பண்ணன் என்னத்துக்கு இப்படித் தலையத் தொங்கப் போட்டு நிக்கறாரு? ஏதாச்சும் தப்புப் பண்ணீட்டாரா?" என்றான். பந்தலே சிரித்தது.

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. முப்பத்திநான்கு வருடம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேசை வேலை. வெட்டுவதையும் தைப்பதையும் எந்திரங்கள் எடுத்துக்கொண்ட பிறகும், தைத்து வந்த துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் பார்க்க மனிதக் கண்தான் வேண்டியிருந்தது. கண் துணிமேல் இருக்க வேண்டுமானால் கழுத்து அதற்கு முட்டுக்கொடுத்தாக வேண்டும். மேசைமேல் குனிந்த தலை, வேலையை விட்ட பிறகும் மேசையைத் தேடிக்கொண்டு முன்னாலேயே நீட்டி நின்றது.

ஆனால் அவர் வீட்டுப் பெருமையே ஒரே ஒரு சொல்லில் இருந்தது. எங்க குடும்பத்துல எவனும் எவன் முன்னாலயும் தலை குனிஞ்சதில்ல. இதை அவர் அப்பா சொன்னார், அவரும் சொன்னார். அன்று கல்யாணத்திலிருந்து திரும்பியவர் வீட்டு வாசற்படியில் நின்று, "இந்தக் கூனோட இனி இந்த வாசலத் தாண்ட மாட்டேன்" என்றார். சொன்னால் சொன்னதுதான். கடை, மருந்து, நல்லது கெட்டது எல்லாம் சுலோச்சனாவே போய்வந்தாள். கழுத்து வைத்தியம் படித்த ஒரு பெண் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக்கொடுத்தாள்.

"தலை அஞ்சு கிலோங்கய்யா," என்றாள் அந்தப் பெண். "நேரா இருக்கற வரைக்கும் அஞ்சுதான். முன்னால தொங்கத் தொங்கக் கழுத்துக்கு அது பத்தாகும், இருவதாகும். நீங்க இத்தன வருசமா ஒரு கொழந்தையப் பிடரில தூக்கீட்டுத் திரிஞ்சிருக்கீங்க."

பிள்ளையில்லாத வீட்டில் அந்தப் பேச்சு ஒரு நொடி நின்றுவிட்டுப் போயிற்று.

முதல்நாள் சுவரோடு ஒட்டி நின்றபோது அவர் பின்மண்டைக்கும் சுவருக்கும் நடுவே சுலோச்சனாவின் நாலு விரல் புகுந்தது. இரண்டாம் மாதம் மூன்று விரல். அப்புறம் இரண்டு. போன வாரம் ஒரு விரலைக்கூட நுழைக்க முடியவில்லை. "போதுமுங் மாமா, இனி சுவத்துக்கும் உங்களுக்கும் காத்தே போகாது" என்று சிரித்தாள். வெள்ளிக்கிழமை காங்கேயத்தில் இன்னொரு கல்யாணம். அதற்குத்தான் முதன்முதலாக வாசலைத் தாண்டுவதாக இருந்தார்.

சான்று நிலையத்தில் இருந்தவன் பெயர் பிகாஷ். முப்பது வயதிருக்கும். அப்பன் ஒடிசாவிலிருந்து சாயப்பட்டறைக்கு வந்தவன். மகனுக்குத் திருப்பூரைத் தவிர வேறு ஊர் தெரியாது.

"வாங்கய்யா, உக்காருங்க. எத்தன நாளுங் ஆச்சு நீங்க கடைசியா ஒரு வாசல்ல நின்னு?"

"ஆறு மாசம்."

பிகாஷ் தலையில் கை வைத்தான்.

"ஏங்கய்யா! வாரத்துக்கு ஒருக்கா ரேஷன் கடை வாசல்ல நின்னிருந்தாக்கூட எந்திரம் உங்க கூடவே மாறி வந்திருக்குமுங்க. நகம் வளர்ற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா மாறுனா அதுக்குத் தெரியும். நீங்க ஒளிஞ்சிருந்து ஒரே நாள்ல வேற ஆளா வந்து நின்னா, அது என்னுங்க பண்ணும்?"

"கழுத்த வெச்சா ஒரு மனுசன அடையாளம் பார்ப்பாங்க? மொகம் இல்லியா? கைரேகை இல்லியா?"

"மொகத்த அச்சுப்போட்டு விக்கறாங்க. குரலு, ரேகை எல்லாத்தையும் களவாண்டாச்சு. ஒரு மனுசனோட தலை அவனவன் எலும்பு மேல எப்படி உக்காருது, மூச்சு விடறப்ப எப்படி ஆடுது, அத மட்டும் இன்னும் எவனாலயும் செய்ய முடியலீங்க. அதனால இப்ப மொகத்த ஆருமே பாக்கறதில்ல. நீங்க இப்படி நில்லுங்க. நீங்க ஆருன்னு அதுவே தேடட்டும்."

அவிநாசியப்பன் தரையிலிருந்த மஞ்சள் வட்டத்தில் நின்றார். பத்து மூச்சு. எந்திரம் மரியாதையாகச் சொன்னது:

"வணக்கம், திருமூர்த்தி. ஊர், பெருந்துறை."

அவர் சட்டென்று வட்டத்தை விட்டு விலகினார். பிகாஷ் திரையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"உங்களுக்குத் தம்பி இருக்காருங்களா?"

"இல்ல."

"ஐயா, ஒரே அப்பன் ஆத்தா பெத்த எலும்புங்க இது. உங்க வேலை உங்க கழுத்த மடக்குச்சு. அத நிமித்துனா உள்ள இருக்கறது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

"எனக்குத் தம்பி இல்லீன்னு சொன்னேன்."

பதினைந்து வருடத்துக்கு முன் இருந்தான். ஒரே கம்பெனியில், ஒரே செக்கிங் மேசையில், பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருந்தான். வேலையில் பொருந்தி உட்காராத பயல். பத்துத் துணி பார்த்தால் எழுந்து ஒரு நடை நடப்பான். தேநீர் நேரத்தில் அண்ணன் இல்லாதபோது, தலையை முன்னால் நீட்டி, தோளைச் சுருட்டி, அண்ணன் நடப்பதைப்போல நடந்து காட்டுவான். அச்சு அசல். மொத்த வரிசையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஒருநாள் அதை நேரில் பார்த்துவிட்ட அவிநாசியப்பன் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

அதைக்கூட மறந்திருப்பார். ஏற்றுமதிக்குக் கட்டி வைத்திருந்த இரண்டு பண்டல் காணாமல் போனபோது, முதலாளி அவர்மேல் சந்தேகப்பட்டுக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறேன் என்றார். செய்யாத தப்புக்கு எதற்கு மன்னிப்பு? "போலீசக் கூப்பிடுங்க" என்று மார்பை நிமிர்த்தி நின்றார். ஜீப் வந்து வாசலில் நின்றது. அப்போதுதான் திருமூர்த்தி வரிசையிலிருந்து ஓடிவந்து, அத்தனை பேர் பார்க்க முதலாளி காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "எங்கண்ணன் பண்ணுனது தப்புத்தானுங்க, மன்னிச்சு விட்டுருங்க." ஜீப் திரும்பிப் போனது. பண்டல்கள் இரண்டும் மூன்றாம் நாள் வேறு கிடங்கில் கிடைத்தன. ஆனால் குடும்பத்தின் தலை தரையில் பட்டது பட்டதுதான். அன்று மாலை அவிநாசியப்பன் கிணற்றடிக்குப் போய், பெற்றவர் செத்தால் முழுகுவதுபோலத் தம்பியைத் தலைமுழுகினார். அதற்குப் பின் அந்தப் பெயர் அந்த வீட்டில் ஒலித்ததில்லை.

"புதுசாப் பதிய என்ன பண்ணோணும்?" என்று பிகாஷிடம் கேட்டார்.

"ரத்த சொந்தம் ஒருத்தர் நேர்ல வந்து, இவர்தான் எங்கண்ணன்னு சொல்லோணும். அரை மணி நேர வேலை. புள்ள குட்டி இல்லீங்கறீங்க. அப்புறம் இவரு ஒருத்தர்தானுங்க."

"வேற வழி?"

"பழைய கழுத்தோட வந்து நின்னீங்கன்னா சரி." பிகாஷ் தயங்கினான். "இன்னொண்ணுங்க. இந்த மாதிரிப் பொருந்துனா, அந்தச் சான்றுக்குச் சொந்தக்காரருக்குச் செய்தி போயிரும். ஆரு நின்னாங்க, எந்த ஆஸ்பத்திரிக்கு, எதுக்குன்னு எல்லாம். அத நான் நிறுத்த முடியாதுங்க."

"போகட்டும். செத்தவனுக்குச் செய்தி போனா என்ன?"

செவ்வாய்க்கிழமை மருத்துவர் தொலைபேசியில் பேசினார். இதய வால்வு கிழிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அறுவை. நோயாளியே சம்மதித்தாலும் போதாது; கணவர் உயிரோடு இருக்கும்போது வேறு யார் ஒப்புதலும் சட்டப்படி செல்லாது. அவர் நேரில் நின்று சான்று தந்தாக வேண்டும். "அடுத்த வாரம்னு தள்ளிப்போட்டா அவங்க தாங்கமாட்டாங்க. நீங்க ஏன் இன்னும் உள்ள வரலை?"

தொலைபேசியை வைத்தார். வீட்டைத் தாழிட்டுக்கொண்டு கழுத்தை மடக்க உட்கார்ந்தார்.

சாப்பாட்டு மேசைமேல் வேட்டி துண்டெல்லாம் குவித்து, பழைய செக்கிங் மேசையாகப் பாவித்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அதன்மேல் கவிழ்ந்து கிடந்தார். துண்டை நெற்றியில் கட்டி அதன் நுனியில் அம்மிக்குழவியைத் தொங்கவிட்டார். பிடரி நரம்பு பழுக்கக் காய்ச்சிய கம்பியாக எரிந்தது. எழுந்து நின்றால் கழுத்து, வளைத்துப் பிடித்து விட்ட மூங்கில் மாதிரி, மெல்ல மெல்ல நேராகிக்கொண்டது. ஆறு மாதம் ஒருத்தி எண்ணி எண்ணி நிமிர்த்திய கழுத்து. கண்ணாடி முன் நின்று, "மடங்கித் தொலையேன்" என்று அதனிடமே கெஞ்சினார். எவர் முன்னாலும் கெஞ்சாதவர்.

புதன்கிழமை நிலையத்தில் வேண்டுமென்றே குனிந்து நின்றார். ஆறாவது மூச்சில் தசை நடுங்கியது. "நடிப்பு," என்றது எந்திரம். வியாழக்கிழமை ஏழாவது மூச்சு வரை தாக்குப்பிடித்தார். "நடிப்பு."

"மூணாந் தடவையும் இப்படியே வந்தா போலீசுக்குப் போயிருமுங்க. ஆள்மாறாட்டத்துக்கு மூணு வருசம்," என்றான் பிகாஷ். "பயிற்சியே பண்ணாத கழுத்துன்னா நாலு நாள்ல மடங்கிப் படிஞ்சிரும். உங்களது படிச்ச கழுத்துங்க. அது மறக்காது. நாஞ் சொல்றதக் கேளுங்க, தம்பியக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் கொழுந்தன்னு சொல்லி உள்ள போயி அம்மாள ஒருக்காப் பார்த்துட்டாவது வாங்க. கதவு தொறக்கும்."

"அந்தப் பேரச் சொல்லி நான் எந்த வாசலையும் தாண்ட மாட்டேன்."

அன்று மதியம் சுலோச்சனா தொலைபேசியில் வந்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"ஏனுங் மாமா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"பொய்யி. காவலுக்கு இருக்கற புள்ள வாசல்ல நடந்ததெல்லாஞ் சொல்லீருச்சு." மூச்சு வாங்கினாள். "நாங் கேக்கறேன். நீங்க நிமுந்து நிக்கோணும்னு ஆறு மாசம் நாந்தானே எண்ணுனேன்? உங்க மானத்துக்கு நான் எப்பவும் குறுக்க நின்னதில்லீங்க. நாளைக்கும் நிக்கல. ஆனா ஒருக்கா மொகத்தக் காட்டீட்டுப் போங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

தொலைபேசியை வைத்த பிறகும் அந்தக் குரல் வீட்டுக்குள் நின்றது. சுவரில் போய்ச் சாய்ந்தார். பின்மண்டை சுவரில் பட்டது. விரல் வைத்துப் பார்க்க ஆளில்லை. யாருக்காக இந்த நிமிர்வு என்று முதன்முதலாக ஒரு கேள்வி வந்தது.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு நிலையம் திறந்தபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் வட்டத்தின் பக்கமே போகவில்லை. பிகாஷின் முன்னால் போய் நின்று கும்பிட்டார். அந்தக் கைகள் அப்படிச் சேர்ந்து பழக்கமில்லாததால் விரல்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

"திருமூர்த்தியக் கூப்பிடு சாமி. எந்தம்பி அவன். பெருந்துறைல இருந்து ஒன்றரை மணி நேரத்துல வந்தர்லாம். அண்ணி சாகப்போறாள்னு சொல்லு. நான்... நான் அவங்கால்ல விழுகறேன்னு சொல்லு."

"அய்யோ, கைய எறக்குங்கய்யா!" அறுவை நேரத்தைச் சரிபார்க்கப் பிகாஷ் அவசரமாக ஆஸ்பத்திரிப் பதிவைத் திறந்தான். பெயரைத் தேடியவனின் விரல் நின்றது. எழுந்து போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினான்.

"ஐயா. காலைல ஏழு பத்துக்கு அவிநாசியப்பன் ஆஸ்பத்திரி வாசலத் தாண்டியாச்சு. கழுத்து பொருந்தீருச்சு. பத்து மூச்சும் ஆடாம அசையாம நின்னிருக்காரு. ஒப்புதலும் குடுத்தாச்சு. அம்மாள ஆபரேசனுக்குத் தயார் பண்றாங்க."

அவிநாசியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் இங்கல்லோ இருக்கறேன்?"

"ஆமாங்க. நீங்க இங்கதான் இருக்கறீங்க."

தேநீர் நேரம், மேசை வரிசை, முன்னால் நீட்டிய தலை, சுருட்டிய தோள், வயிறு குலுங்கிய சிரிப்பு எல்லாம் ஒருசேர அவர் கண்முன் வந்தன. செய்தி போன திங்கட்கிழமையிலிருந்து நாலு நாள். பயிற்சியே பண்ணாத கழுத்து. அண்ணனின் கூனைக் கண்ணை மூடிக்கொண்டு நடந்து காட்டத் தெரிந்த ஒரே ஒருவன்.

"இது குத்தமுங்க," என்றான் பிகாஷ். "நான் எதையும் பாக்கல. உள்ள விட்டம் பூராவும் கேமராக் கண்ணு இருக்குது. வெளிய வர்ற வரைக்கும் அவரு நிமிரக்கூடாது. நீங்களும் இன்னைக்கு ஒரு நாளைக்கு எங்கயும் நாந்தான் அவிநாசியப்பன்னு வாய் தவறிக்கூடச் சொல்லீறாதீங்க. சொன்னா அவரு நேரா ஜெயிலுக்குத்தான்."

ஆஸ்பத்திரி வாசலை அவர் எப்படி அடைந்தார் என்று அவருக்கே தெரியாது. ஒன்பது மணி வெயில் கண்ணாடியில் கூசியது.

"நோயாளிக்கு என்ன உறவு?"

அந்தக் காவல்பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவிநாசியப்பன் கதவைப் பார்த்தே சொன்னார்.

"அவங்க வீட்டுக்காரரோட தம்பி."

"பெயர்?"

காலையில் தம்பியென்று சொல்லிக் கூப்பிட்ட பெயர், இப்போது தன் பெயராக வர வேண்டியிருந்தது. அதைச் சொல்ல ஒரு முழு மூச்சு தேவைப்பட்டது.

"திருமூர்த்தி."

பத்து மூச்சு. அவர் நிமிர்ந்துதான் நின்றார். கண்ணீர் தாடையில் இறங்கி, உள்வாங்கிய கழுத்து வழியே நேராக வழிந்தது.

"வணக்கம், திருமூர்த்தி. உள்ளே வாருங்கள்."

காவல்பெண் பார்வையை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நீண்ட நடைக்கூடத்தின் கடைசியில் தள்ளுவண்டி வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் நர்ஸ். மறுபக்கம், தலையை முன்னால் தொங்கப்போட்டு, தோளைச் சுருட்டிக்கொண்டு ஒரு மனிதர். அவிநாசியப்பன் தன்னையே எதிரே கண்டார். தான் இத்தனை வருடம் எப்படி நடந்தோம் என்று அன்றுதான் முழுசாகப் பார்த்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சுலோச்சனா கண்ணைத் திறந்தாள். நிமிர்ந்து நின்றவரைப் பார்த்தாள். கூனி நின்றவரைப் பார்த்தாள். வறண்ட உதட்டில் ஒரு சிரிப்பு மெல்லக் கிளம்பியது.

"ஏனுங் கொழுந்தனாரே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றாள் கணவனைப் பார்த்து. "ஏழோட நிறுத்தீட்டேன். மிச்சத்த வந்து எண்ணறேன். அதுவரைக்கும் உங்கண்ணனப் பார்த்துக்கோங்க."

"மருந்து ஏறுதுங்க, அதான் என்னமோ பேசறாங்க," என்றாள் நர்ஸ். "நாலு மணி நேரம் ஆகும். ரெண்டு பேரும் அந்தப் பெஞ்சுல இருங்க."

கதவு சாத்திக்கொண்டது. கூனியவர் தடவித் தடவி நடந்து, சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். வேறொரு நர்ஸ் எதிரே மேசையில் எதையோ குறித்துக்கொண்டிருந்தாள். அவிநாசியப்பன் நடுவழியில் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காரு, திருமூர்த்தி," என்றான் தம்பி. குரலை அண்ணனைப் போலவே கனக்க வைத்துக்கொள்ளப் பார்த்தான், உடைந்தது. ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமானால் கழுத்தை நிமிர்த்த வேண்டும். "ஏன் நிக்கறே?"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"சரிங்ண்ணா," என்றார் அவிநாசியப்பன். உட்கார்ந்தார்.

நர்ஸ் தன் காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு நடையின் திருப்பத்தில் மறைந்தாள். காலடி ஓசையும் ஓய்ந்தது. பேச்சைக் கேட்க இப்போது யாருமில்லை.

அவர் மெதுவாகக் கையை நீட்டி, தம்பியின் பின்மண்டைக்கும் சுவருக்கும் நடுவே வைத்தார். நாலு விரல் புகுந்தது. கையைத் திருப்பிப் பிடரியில் வைத்தார். மூன்று நாளாக அம்மிக்குழவி தொங்கிய தன் கழுத்தைப்போலவே அது கட்டை பிடித்து, உள்ளுக்குள் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தலையின் கனம் எவ்வளவென்று அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. உள்ளங்கையை அகல விரித்து அதைத் தாங்கிக்கொண்டார்.

"வலிக்குதுங்களாண்ணா?" என்று கேட்டார்.